நார்த்ஃபீல்டில் ஓர் இரவு

சென்ற வாரம் அரோராவிலுள்ள பாலாஜி கோவிலில் பிராகாரம் சுற்றிவிட்டுப் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பெண்ணைப் பெற்ற ஒரு சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, காலேஜுல ஒரு ராத்திரி போய்த் தங்கிப் பார்க்கலாமாமே, அதை எப்படி ஏற்பாடு பண்றது? உங்க பொண்ணு போனாள்ல?" என்று கேட்டாள். வரிசை நகர்ந்துகொண்டிருந்த அவசரத்தில் நாலு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, சொன்னதைக் காட்டிலும் சொல்லாமல் விட்டதே அதிகம் என்று மனசில் உறுத்திக்கொண்டிருந்தபடியால், எங்களுக்கு நேர்ந்ததையெல்லாம் நேர்ந்த கிரமத்திலேயே எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கும், இனிமேல் கேட்கப்போகிறவர்களுக்கும் உபயோகப்படட்டும்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப்போகிற பிள்ளைகள், முக்கியமாக 2,000 மாணவர்களுக்கு அதிகம் மேற்படாத சிறிய கலைக் கல்லூரிகளை மனத்தில் வைத்திருப்பவர்கள், சேருவதற்கு முன்னமேயே அந்தக் கல்லூரியின் விடுதியில், அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவருடைய அறையில், ஓர் இரவு அதிதியாகத் தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, அவர்கள் போகிற வகுப்புக்குப் போய் உட்கார்ந்து, மறுநாள் திரும்பி வருவது என்று ஒரு வழக்கம் பல காலமாக இருந்துவருகிறது. இடம் கொடுக்கும் மாணவரை ஹோஸ்ட் என்பார்கள். வந்து தங்கும் பிள்ளையை மாணவர்கள் செல்லமாக 'ப்ராஸ்பி' என்று கூப்பிடுவார்கள். பகலிலே நடக்கிற சுற்றுலாவில் பெற்றோருக்கும் இடமுண்டு. இரவுத் தங்கலில் நமக்கு இடமில்லை. வாசலோடு நம்முடைய பாத்தியதை முடிந்துவிடுகிறது. அதனாலேயே அது எல்லாவற்றையும்விட அருமையானது என்பது என் அபிப்பிராயம்.

என்னுடைய காலத்தில் இப்படியொன்றை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. 1991ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், மடியில் ஒரு தகரப் பெட்டியும் காலடியில் சுருட்டிக் கட்டிய ஜமக்காளமுமாக, கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு அப்பாவோடு பஸ்ஸில் போய் இறங்கிய அன்றுதான், நான் மூன்று வருஷம் வசிக்கப்போகிற விடுதியை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்த இரண்டு மணி நேரத்துக்குள் அப்பா வார்டனம்மாவைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தால் நான் அழுதுவிடுவேன் என்று பயந்தவரைப் போல, வேகமாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். கல்லூரி நல்ல கல்லூரி; ஆசிரியைகள் உத்தமமானவர்கள். ஆனாலும் அந்த முதல் இரவில், பதினாறு கட்டில்கள் வரிசையாகக் கிடந்த நீண்ட ஹாலில் மின்விசிறியின் கிறீச்சொலியைக் கேட்டபடி விழித்துக் கிடந்தபோது, இங்கே வந்து இருக்க உனக்குச் சம்மதமா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே என்ற எண்ணம் மனசில் எழுந்தது இன்றும் ஞாபகமிருக்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கேட்கலாம் என்பதே எங்கள் வீடுகளில் ஒருவருக்கும் தோன்றாத காலம் அது.

ஆகையால், 2019ஆம் வருஷம் ஆகஸ்டில் என் மகள் சாப்பாட்டு மேஜையில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, இங்கல்லாம் ஒரு நைட் தங்கிப் பார்க்கலாமாம், நான் போகட்டுமா?" என்று கேட்டபோது, அவள் அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தைவிடக் கல்லூரிக் காலண்டரைப் பார்ப்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். இடம் கொடுக்கும் கல்லூரிகள் பெரும்பாலும் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளில்தான் கொடுக்கின்றன. மறுநாள் வகுப்பு இருக்கிற இரவில் அங்கே எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தானே போவது. பரீட்சை வாரத்திலும் இடைவிடுமுறையிலும் போய்ப் பிரயோஜனமில்லை. நாங்கள் போக நினைத்தது மினசோட்டாவில் நார்த்ஃபீல்டு என்ற ஊரிலுள்ள கார்ல்டன் கல்லூரிக்கு. அங்கே வருஷத்தை இரண்டாகப் பிரிக்காமல், பத்துப் பத்து வாரங்களாக மூன்று பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அக்டோபர் மாதம் அங்கே பருவத்தின் நடுமத்தி. மாணவர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும் சமயத்தில் போகிறோமே என்று முதலில் தயங்கினோம். அப்படிப்பட்ட சமயத்தில் பார்ப்பதுதான் உண்மையான பார்வை என்று பிறகு தோன்றிற்று.

விண்ணப்பத்தின் கெடுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஏர்லி டிஸிஷன்' என்கிற முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்தவுடன் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. அதற்குக் கெடு பெரும்பாலும் நவம்பர் முதல் தேதியோ பதினைந்தாம் தேதியோதான். அந்த வழியில் போக நினைப்பவர்கள் செப்டம்பர், அக்டோபருக்குள் தங்கிப் பார்த்துவிட வேண்டும். ஜனவரியில் விண்ணப்பித்து மார்ச் கடைசியில் பதில் பெறுகிறவர்களுக்கு ஏப்ரலில் இன்னொரு சந்தர்ப்பம் உண்டு; இடம் கிடைத்த பிள்ளைகளுக்கென்றே பல கல்லூரிகள் ஒரு விழாப்போல நடத்துகின்றன. எம்.ஐ.டி.யில் ஏப்ரலில் அப்படி நடக்கும் சில நாட்களைப் பற்றி அங்கே போய்வந்த பிள்ளைகள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் விழாவுக்கு வீட்டைத் துடைத்துவைத்திருக்கும்போது பார்ப்பது வேறு, சாதாரணமான ஒரு வியாழக்கிழமையில் பார்ப்பது வேறு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள் என்றே நான் சொல்லுவேன். பிரயாணச் செலவு முடியாத குடும்பங்களும் இதைக் கைவிட வேண்டியதில்லை. விமான டிக்கெட்டையும் கல்லூரியே வாங்கிக்கொடுத்து அழைக்கும் 'ஃப்ளை-இன்' திட்டங்கள் பல கல்லூரிகளில் உண்டு. கோடை விடுமுறையிலேயே அவற்றைத் தேடத் தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரோடு பல கதவுகள் மூடிவிடும்.

அடுத்தது, எழுத வேண்டியவர் பிள்ளைதான். அம்மாவோ அப்பாவோ அல்ல. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். நம்மில் பலர், ஆங்கிலம் நமக்கு நன்றாக வரும், இரண்டு வரியில் காரியம் முடிந்துவிடும் என்று பிள்ளையின் பெயரில் தாமே எழுதிவிடுகிறார்கள். அனுமதி அலுவலகத்தில் இருப்பவர்கள் நாள் முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் கடிதங்களையே படிக்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் போகாது. அது ஒருபுறமிருக்க, யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் அறையில் ஓர் இரவு தங்கக்கூடிய பிள்ளை, அதற்காக ஒரு கடிதம் எழுதவும் கூடியவளாகத்தான் இருக்க வேண்டும். என் மகள் மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தாள். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். கடைசியில் அவள் அனுப்பியது ஆறு வரிகள்: தான் யார், எந்த ஊர், எந்தப் பாடங்களில் பிரியம், எந்த இரண்டு தேதிகளில் எது சௌகரியமானாலும் வரச் சித்தமாயிருப்பது, நிலவியல் வகுப்பு ஒன்றில் உட்கார விருப்பம், தான் சைவம் என்பது.

பதிலோடு ஒரு படிவம் வந்தது. இரவில் சீக்கிரம் தூங்குகிறவளா, நேரங்கழித்தா. ஒவ்வாத உணவு ஏதும் உண்டா. எந்த விளையாட்டு, எந்தச் சங்கீதம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அவளுக்குப் பொருத்தமான ஹோஸ்டைத் தேடுவதற்கு அது. பின்பக்கம் நம்முடையது: பதினெட்டு வயது பூர்த்தியாகாதபடியால் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து, அவசரத்துக்கு நம் தொலைபேசி எண், வைத்தியக் காப்பீட்டு அட்டையின் விவரம், உடல்நலம் கெட்டால் சிகிச்சை செய்ய அனுமதி. மது அருந்துவதில்லை என்று பிள்ளை தனியாக ஒப்பமிட வேண்டும். சம்மதக் கையெழுத்தைப் போடும்போது என் கை ஒரு கணம் தயங்கியது நிஜம். பள்ளிக்கூடத்திலும் ஒரு காகிதம் வேண்டும். கல்லூரி பார்க்கப் போகிற நாளை விடுப்பாகக் கணக்கிடாமலிருக்கப் பள்ளி ஆலோசகரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.

கார்ல்டனுக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்னால், வேறொரு மாநிலத்திலுள்ள வேறொரு கல்லூரிக்கு அவள் போய்வந்திருந்தாள். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை. அன்றைக்கு அவளுக்கு இடம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த பெண் மத்தியானமே காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள்; அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிட்டது; செய்தியை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். என் மகள் தோளில் மூட்டையோடு விடுதி வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் கவலைப்படுவேன் என்று என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் காவல் பிரிவைச் சேர்ந்த ஒரு பெரியவர் பார்த்து விசாரித்து, யாரையோ எழுப்பி, பொது அறையின் சோபாவில் படுக்க ஏற்பாடு செய்துகொடுத்திருக்கிறார். மறுநாள் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தின பிறகுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. அதன்பின் நாங்கள் ஒரு நியமம் வைத்துக்கொண்டோம்: புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னமே ஹோஸ்டின் நேரடி எண்ணை வாங்கி, அவளோடு ஒரு தரமாவது பேசிவிட வேண்டும், அவள் இல்லாவிட்டால் யார் என்று இரண்டாவது பெயர் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும், கல்லூரிக் காவல் பிரிவின் எண் ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் இருக்க வேண்டும், ஏனென்றால் போனில் மட்டும் இருந்தால் அது அணைந்துபோகும் நேரத்தில் உதவாது, எந்த நேரமானாலும் அம்மாவைக் கூப்பிடலாம், கூப்பிடுவது தோல்வியல்ல. கடைசி நியமத்தை அவள் வாயால் ஒரு முறை சொல்ல வைத்தேன்.

கும்பகோணத்திலிருந்து என் அம்மா அந்த வாரம் இரண்டு முறை போன் செய்தாள். "ஏம்மா, ஊர் பேர் தெரியாத பொண்ணோட ரூம்ல வயசுப் புள்ளயை விட்டுட்டு வர்றேங்கிறியே, அவங்க வீட்டு மனுஷா யாருன்னாவது விசாரிச்சியா?" என்றாள். விசாரிக்க வழியில்லை, ஆனால் கல்லூரி விசாரித்திருக்கும் என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "வெறுங்கையோட அனுப்பாதே" என்றாள். அந்த வார்த்தையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு டப்பா நிறையத் தேன்குழல் பிழிந்தேன். ஸ்லீப்பிங் பேக், சின்னத் தலையணை, துண்டு, குளியலறைக்கு ரப்பர் செருப்பு, மழைக்கோட்டு, சார்ஜர், எழுதுவதற்கு ஒரு சிறு நோட்டு, மேலே தேன்குழல் டப்பா. அவ்வளவுதான் சாமான். தரையில் படுக்கப்போகிறவளுக்கு இதற்குமேல் வேண்டியதில்லை.

நாங்கள் இருக்கும் நேப்பர்வில்லிலிருந்து நார்த்ஃபீல்டு 400 மைலுக்குச் சற்றுக் குறைவு. அக்டோபர் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை விடியற்காலை இருட்டோடு கிளம்பினோம். மாடிசனைத் தாண்டி, லா கிராஸ் அருகே மிசிசிப்பியைக் கடக்கும்போது, இருபுறமும் செங்குத்தாக எழுந்த குன்றுகளில் இலையெல்லாம் பழுத்துச் செம்பும் பொன்னுமாக இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, பாலம் முடியும்வரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். ராச்செஸ்டரைக் கடந்து வடக்கே திரும்பியபின் சோளக்கொல்லைகள்தான். ஊருக்குள் நுழைந்ததும் காரின் கண்ணாடி வழியாக ஒரு மணம் வந்தது. கோதுமையை வாணலியில் போட்டு வறுப்பது போன்ற இதமான வாசனை. மால்ட்-ஓ-மீல் என்ற காலை உணவு தானியத்தைச் செய்த ஆலை அந்த ஊரில் இருப்பதும், ஊருக்கே அந்த வாசனை அடையாளம் என்பதும் பிறகு தெரிந்தது.

விடுதி வாசலில் ஹோஸ்ட் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷத்துப் பெண், மொண்டானா பக்கத்தவள். ஈரத் தலைமயிரும், காலில் முரட்டுக் கம்பளிக் காலுறையும், அதன்மேல் ரப்பர் செருப்புமாக, மழைத்தூறலில் ஓடிவந்து என் மகளின் தோளிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "கவலைப்படாதீர்கள், இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். என் மகள், "அம்மா, போயிட்டு வா" என்றாள். வீட்டிலிருந்து வெளியூர் போகிறவர்களிடம் நாம் சொல்லுகிற வார்த்தை; அன்று அவள் உள்ளே இருந்தாள், நான் வெளியே இருந்தேன்.

நான் தங்கியது டிவிஷன் தெருவில், கானன் ஆற்றங்கரையோரத்தில், 1877இல் கட்டப்பட்ட ஆர்ச்சர் ஹவுஸ் என்ற பழைய ஹோட்டலில். சாயங்காலம் மழை விட்டதும் தெருவில் நடந்தேன். 1876ஆம் வருஷம் செப்டம்பர் 7ஆம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் கூட்டத்தார் அந்த ஊர் வங்கியைக் கொள்ளையடிக்க வந்ததையும், ஊர்மக்களே எதிர்த்து நின்று அவர்களை விரட்டியதையும், பெட்டகத்தைத் திறக்க மறுத்த ஜோசப் லீ ஹேவுட் என்ற குமாஸ்தா அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டதையும் அங்கே அறிந்தேன். அந்த ஹேவுட், பத்து வருஷத்துக்கு முன்புதான் தொடங்கியிருந்த கார்ல்டன் கல்லூரிக்கும் பொருளாளராக இருந்தவர். ஆற்றின் மேலுள்ள பாலத்தில் நின்று குன்றின் மேல் தெரிந்த விளக்குகளைப் பார்த்தபோது, என் பெண் இன்று படுத்திருக்கிற இடத்தின் கணக்கைப் பார்த்துக்கொண்டவர், தம்மை நம்பி ஒப்படைத்ததை உயிரை வைத்துக் காத்தவர் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்கு அது ஏனோ பெரிய தைரியமாக இருந்தது. இரவு பத்தரைக்கு ஒரே ஒரு செய்தி வந்தது: "நல்லா இருக்கேன். குக்கீ பண்றோம்." என்ன குக்கீ, இந்த நேரத்தில் எங்கே என்று கேட்க விரல் துடித்தது. கேட்கவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, ஆற்றுச் சத்தத்தைக் கேட்டபடி வெகுநேரம் விழித்திருந்தேன்.

அந்தக் குக்கீயின் கதையை மறுநாள் காரில் வரும்போது சொன்னாள். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு உண்டு. டேஸி மோசஸ் என்ற அம்மாள், கல்லூரியில் பல காலம் உத்தியோகம் பார்த்தவர், தம் வீட்டுக் கதவை மாணவர்களுக்கு எப்போதும் திறந்தே வைத்திருந்தவர், 1981இல் காலமானபோது அந்த வீட்டைக் கல்லூரிக்கே எழுதிவைத்துவிட்டார். அன்றுமுதல் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் அங்கே எப்போதும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்க் குக்கீ சுட்டுக்கொள்ளலாம். பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட வேண்டும், வருகிறவர்களுக்குக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மறுநாள் பரீட்சை வைத்திருந்த நாலு பிள்ளைகளோடு ஹோஸ்ட் இவளையும் அங்கே அழைத்துப்போயிருக்கிறாள். இவள் மாவைப் பிசைந்திருக்கிறாள். "நீ யார், எங்கேர்ந்து வர்றேன்னு யாருமே முதல்ல கேக்கலைம்மா. கரண்டியை எடுத்துக் கையில குடுத்துட்டாங்க" என்றாள். தேன்குழல் டப்பாவை அந்த மேஜையிலேயே திறந்து வைத்திருக்கிறாள். அரை மணியில் அடிப்பொடிகூட மிஞ்சவில்லையாம். பாட்டிக்கு உடனே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்றாள். அங்கே நடுராத்திரி என்று நான்தான் தடுத்தேன்.

எல்லாமே இனிப்பாக இருந்துவிடவில்லை. அறையில் ஜன்னல் சரியாகச் சாத்தாமல் ராத்திரி முழுக்கக் குளிர்காற்று வந்திருக்கிறது. அறைத் தோழி ஒருத்தி, கட்டுரை முடியாத கவலையில் இரண்டு மணிக்குக் குளியலறையில் தனியாக உட்கார்ந்து அழுததை இவள் பார்த்திருக்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிவந்து படுத்திருக்கிறாள். பத்து நிமிஷத்துக்குள் பக்கத்து அறையிலிருந்து ஒரு மூத்த மாணவி எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டதையும் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். முதல் வருஷத்துப் பிள்ளைகளையும் மூத்தவர்களையும் ஒரே மாடியில் கலந்து வைத்திருப்பது அங்கே வழக்கம். இப்படியொரு காட்சியை எந்த விளம்பரப் புஸ்தகத்திலும் அச்சிட மாட்டார்கள். பகல் சுற்றுலாவில் பின்னோக்கி நடந்தபடியே விவரம் சொல்லும் வழிகாட்டியும் சொல்ல மாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே தரையில் படுத்திருப்பவளுக்கு மட்டுமே அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நிலவியல் வகுப்பில் பேராசிரியர் இவளைப் பெயர் கேட்டு, மற்றவர்களுக்குக் கொடுத்ததைப் போலவே ஒரு கல்லை இவள் கையிலும் கொடுத்து, "நீ என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். பதில் தப்பாம். ஆனாலும் எதனால் அப்படித் தோன்றிற்று என்று ஐந்து நிமிஷம் அவளோடு பேசியிருக்கிறார். பிறகு எல்லா வகுப்புகளும் நின்று, பழைய கற்கோவிலான ஸ்கின்னர் சேப்பலில் வாராந்திரச் சொற்பொழிவு. அது முடிந்து மாணவர் கூடத்துக்கு வந்தால் அங்கே பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தண்டுப் பூ வாங்கி, சிநேகிதருடைய தபால் பெட்டியில் செருகிவைத்துவிட்டுப் போவது அந்தக் கல்லூரியின் பழக்கம். என் மகளும் ஒன்று வாங்கி ஹோஸ்டின் பெட்டியில் வைத்தாள். வெள்ளிக்கிழமையும் பூவுமாக வளர்ந்த எனக்கு, அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.

போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இன்னும் கொஞ்சம் உண்டு. ஹோஸ்டிடம், "இந்தக் கல்லூரி நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரிவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். உடம்பு சரியில்லாமல் போனபோது யார் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாதவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் தாமாக விரும்பித் தனியாக இருக்கிறார்களா என்று கவனியுங்கள். அறிவிப்புப் பலகைகளை நின்று படியுங்கள். கண்டதை அன்றைக்கே எழுதிவையுங்கள். திரும்பி வந்தபின், ஹோஸ்டுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடுங்கள். பரீட்சைகளுக்கு நடுவில் தன் இரவை விட்டுக்கொடுத்தவள் அவள்.

பெற்றோருக்குச் சொல்வது ஒன்றுதான். திரும்பி வருகிற வழியில் முதல் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் கார் ஓட்டுங்கள். எங்களுக்கு மிசிசிப்பிவரை பிடித்தது.

அடுத்த மார்ச்சில் கொரோனா வந்தது. கல்லூரிகள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. ஏப்ரலில் நடக்கவிருந்த வரவேற்புகளெல்லாம் ரத்தாகித் திரைக்குள் போய்விட்டன. மே முதல் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற வழக்கமான கெடுவைப் பல கல்லூரிகள் ஜூன் முதல் தேதிக்குத் தள்ளிவைத்தன. என் மகளுக்கு நாலு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. நாலையும் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம் என்று நினைத்திருந்த குடும்பங்கள் அந்த வசந்தத்தில் பட்ட கலக்கத்தை நான் பக்கத்து வீடுகளில் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு நாள் இரவு அவள் அந்தச் சிறு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். மாவுக்கறை படிந்த ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்லப் பிரித்தாள். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "அம்மா, மத்ததுல ரெண்டு எனக்கு வெறும் வெப்சைட்தான். ஒண்ணு அந்த சோபா. இதுதான் எனக்குத் தெரிஞ்ச இடம்" என்றாள். அவள் அப்பா உதவித்தொகைக் கணக்கை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார். மறுநாள் பணம் கட்டினோம்.

அந்த நவம்பரில் ஆர்ச்சர் ஹவுஸ் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நான் விழித்துக் கிடந்த அறையின் ஜன்னல் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெண் அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போய், தெரிந்தவள் என்ற உரிமையில் என் மகளின் அறையிலேயே ஓர் இரவு தங்கினாள். இரவு பத்து மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அவளோட அம்மா அரை மணிக்கு ஒரு தடவை மெசேஜ் பண்றாங்க. இவ பதில் சொல்லியே ஓயலை. நீ ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை பேசேன்."

பேசினேன். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "தூக்கமே வரலைக்கா. சாப்பிட்டாளான்னு கேட்டா, சாப்பிட்டேங்கிறா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா" என்றாள்.

"காலையில சொல்லுவா. இப்ப ரெண்டு பேரும் அந்தக் குக்கீ வீட்டுல இருப்பாங்க" என்றேன். அது என்ன வீடு என்று கேட்டாள். டேஸி மோசஸ் அம்மாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசியில், விடிந்ததும் நடக்கிறதற்கு நல்ல இடம் ஏதாவது உண்டா என்றாள். டிவிஷன் தெருவுக்குப் போய் ஆற்றுப் பாலத்தில் நிற்கச் சொன்னேன்.

"கம்பளிக் கோட்டு போட்டுக்கோ. காலையில அங்க ரொம்பக் குளிரும்."